துணைக்கு ஒண்ணாம் நம்பர்

"துணைக்கு யாரு வந்திருக்கா?"

எங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரில் போய் நின்றாலும் பேரைக் கேட்டதும் அடுத்ததாக இதைத்தான் கேட்பார்கள். காய்ச்சலா, கட்டியா, கால் சுளுக்கா என்பதெல்லாம் அப்புறம். பின்னாலிருந்து யாராவது "நான்தான்" என்று ஒயர் கூடையோடு எழுந்து வரவேண்டும். பல் பிடுங்கப் போகிறவருக்குக்கூட மச்சானும் மச்சான் பெண்டாட்டியும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மா இருந்தவரை எனக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. அம்மா போன பிறகுதான் கவுண்டர் பக்கம் போகவே எனக்குப் பயமாகிவிட்டது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கேட்பதற்கும் ஆள் இல்லை. நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். முன்பு பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தினேன், அதனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் இன்னும் டீச்சர்தான். தம்பி மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சில் பூசை முடிந்து வரும் நேரம் பார்த்துப் போன் பண்ணுவான். "சாப்டியாக்கா?" என்பான். "சாப்டேன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. வெளியே போய்விட்டு வந்தால் நான் பூட்டிய பூட்டை நானேதான் திறக்க வேண்டும். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதை ஒரு குறையாகச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உள்ளேயிருந்து யாராவது வந்து தாழ்ப்பாளை விலக்குகிற சத்தம் இருக்கிறதே, அது கேட்காமல் போனால்தான் அதன் அருமை தெரியும். தனிமை பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பழகவில்லை.

டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. பேர் வேண்டாம். அங்கே ஓடுகிற சாப்ட்வேரை எழுதியது நான். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அப்போது ஊர் உலகமெல்லாம் கட்டம் கட்டமாக அட்டவணை போட்டுத் தகவலை வைத்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்தான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். என் எம்.ஃபில். ஆய்வே அதைப் பற்றியதுதான். படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அது என்ன பெரிய விஷயம் என்றால், அந்த டேட்டாபேஸில் ஒவ்வொரு ஆளும் ஒரு ஆப்ஜெக்ட். அவருடைய கண்ணாடிப் பவர் ஒரு ஆப்ஜெக்ட், ஆபரேஷன் ஒரு ஆப்ஜெக்ட். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நூல் கட்டியிருக்கும். ஆளைப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வரும். ஆனால் இவை டிஸ்க்கில் எங்கே குடியிருக்கின்றன என்பதில்தான் சூட்சுமம். டிஸ்க் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்காது, புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். வேண்டியதெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒரே எட்டில் வேலை முடிந்தது. ஆள் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், ஆபரேஷன் இன்னொரு பக்கம் என்று சிதறிக் கிடந்தால் கம்ப்யூட்டர் ஓடி ஓடிப் பொறுக்க வேண்டும். கவுண்டரில் நிற்பவர் கால் கடுக்க நிற்க வேண்டும். சேர்ந்து தேவைப்படுகிறவற்றைச் சேர்த்துக் குடிவைப்பதற்குப் பேர் கிளஸ்டரிங். மளிகைக் கடைக்காரர் பருப்பையெல்லாம் ஒரு வரிசையில், எண்ணெயையெல்லாம் ஒரு வரிசையில் அடுக்குவார். நாம் அடுப்படியில் அப்படியா வைக்கிறோம்? கடுகும் உளுந்தும் சீரகமும் ஒரே அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். தாளிக்கிற நேரத்தில் கை அலையக் கூடாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் நான் எம்.ஃபில். படித்தேன்.

எதை எதோடு குடிவைப்பது என்று அப்போது டாக்டரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரி அவருடையது, நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு டீச்சர்? நம்ம ஊர்ல ஆஸ்பத்திரிக்கு யாரு தனியா வர்றா? நோயாளியையும் துணைக்கு வந்தவரையும் சேத்துப் போடுங்க. இன்னைக்குத் துணையா வந்தவரு அடுத்த மாசம் நோயாளியா வருவாரு, இவரு துணையா வருவாரு. துணை இல்லாம பதிவே ஆகக் கூடாது, ஆமா."

நியாயமாகத்தான் பட்டது. துணை என்று ஒரு கட்டம் வைத்தேன். அதைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் சண்டித்தனம் பண்ணும், சேமிக்காது. நோயாளியும் துணையும் ஒரே பக்கத்தில். யார் யாருக்குத் துணை என்பதற்கு இரண்டு திசையிலும் நூல். நோயாளியைத் திறந்தால் துணை தெரியும், துணையைத் திறந்தால் அவர் யாருக்கெல்லாம் துணையாக வந்தார் என்பதும் வரும். அற்புதமாக ஓடியது. பெயரை அடித்துக் கையை எடுப்பதற்குள் குடும்பமே திரையில் வந்து நிற்கும். டாக்டரிடம் ஓட்டிக் காட்டுவதற்காக முதன்முதலில் பதிந்தது என்னைத்தான். நான் ஒண்ணாம் நம்பர். அடுத்து அம்மா, ரெண்டாம் நம்பர். எனக்குத் துணை அம்மா, அம்மாவுக்குத் துணை நான்.

பிற்பாடு அம்மாவுக்குக் கண்புரை வந்தது. ஒரு கண்ணுக்கு ஒரு வருஷம், இன்னொரு கண்ணுக்கு வேறொரு வருஷம். அந்த ஆஸ்பத்திரியில் தியேட்டர் வாசலில் ஓர் ஆயாம்மா உண்டு, கீரனூர்ப் பக்கத்துக்காரர். ஆபரேஷன் முடிந்தவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, கூடத்தைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார். "ஏனுங்க, ரெண்டாம் நம்பரு அம்மாவுக்குத் துணைக்கு யாருங்க?" நான் ஃபிளாஸ்க்கும் பையுமாகத் துள்ளி எழுந்து "நான்தான்!" என்று கத்தினேன். பாலிடெக்னிக்கில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கக் கத்திப் பழகிய தொண்டை. கூடமே திரும்பிப் பார்த்தது. "ஏண்டி, நான் என்ன காணாமலா போயிட்டேன்?" என்று அம்மா ஒரு கண்ணை மூடிய கோலத்தில் என்னை வைதாள்.

அம்மாவுக்கு லேண்ட்லைன் என்றால் உயிர். யார் கூப்பிட்டாலும் பேசுவாள், ராங் நம்பராக இருந்தாலும் பேசுவாள். நான் வேலையிலிருந்து வந்ததும் அன்றைய போன் கதை நடக்கும். "இன்னைக்குக் கண்ணாஸ்பத்திரியிலேருந்து ஒரு பொண்ணு கூப்ட்டுச்சு. உங்க ஆளுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்குது. எந்த ஆளுன்னு எனக்கு என்ன தெரியும்? சரிம்மா, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்லி வச்சுட்டேன்." இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை. யாரோ நம்பரை மாற்றி அடிக்கிறார்கள் என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா இறந்த பிறகு லேண்ட்லைனை எடுத்துவிட்டேன். மணி அடித்தால் எடுக்க அவள் இல்லாத வீட்டில் அது எதற்கு?

அதற்குச் சில காலம் கழித்துத்தான் டாக்டர் கூப்பிட்டார். "டீச்சர், உங்க சாப்ட்வேர் நொண்டுது. ஒரு பேரைத் தட்டிட்டு டீ குடிச்சிட்டு வந்துரலாம். செத்த வந்து பாருங்க."

போனேன். முதலில் டாக்டர் என்னைத்தான் பார்த்தார். திரையில் எழுத்தைப் படிக்க நான் முகத்தைக் கோழி மாதிரி சாய்ப்பதைக் கவனித்துவிட்டார் போல. பிடித்து உட்கார வைத்து, மருந்து ஊற்றி, விளக்கடித்துப் பார்த்தார்.

"வலது கண்ணுல புரை நல்லா முத்திருச்சு. எப்படி இம்புட்டு நாள் ஓட்டுனீங்க? தள்ளிப் போடாதீங்க, சீக்கிரம் எடுத்துரலாம். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துருங்க."

"பாக்கலாம் டாக்டர்" என்றேன்.

"என்னத்த பாக்கலாம்? இன்னும் கொஞ்ச நாள்ல பாக்கவே முடியாது."

அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. கண் போனால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? நான் பிழைப்பதே இந்தத் திரையைப் பார்த்துத்தான். ஆபரேஷனுக்குப் பயமில்லை. அம்மாவுக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். என் பயமெல்லாம் அந்தத் துணைக் கட்டம். யார் பேரைப் போடுவது?

தம்பியிடம் சொன்னேன். "ஒரு ஆளை ஏற்பாடு பண்ணிக்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றான். துணையை ஏற்பாடு பண்ணிக்கொள்வதாம்! எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர்கள் மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போய்விட்டார்கள். வாராவாரம் கூடி ஜெபிக்கிற எங்கள் அன்பியத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நீ என்று வந்து நிற்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வருகிற வழியெல்லாம் "பாவம் டீச்சர், யாருமே இல்ல" என்பார்கள். அந்தப் "பாவம்" இருக்கிறதே, அதைக் கேட்பதற்குக் கண் தெரியாமலே இருந்துவிடலாம். இப்படி வீம்பாக நினைத்துக்கொண்டு மூன்று நான்கு தடவை தேதியைத் தள்ளினேன். தள்ளத் தள்ள எழுத்து மங்கிக்கொண்டே போனது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் வேலை பார்க்கப் பழகினேன்.

அந்த ஒற்றைக் கண்ணோடுதான் ஆஸ்பத்திரி டேட்டாபேஸைக் குடையத் தொடங்கினேன். டிஸ்க் பழசாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. எந்த ஆப்ஜெக்டை எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் சின்ன ஏற்பாடு ஒன்றைச் செய்து ஒரு வாரம் ஓடவிட்டேன். யாரை அடிக்கடி தேடுகிறார்களோ அவர்களைக் கைக்கெட்டும் இடத்தில் குடிவைக்கலாம் என்பது யோசனை. முடிவைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியிலேயே மிக அதிகமாகத் தேடப்பட்ட ஆள் ஒண்ணாம் நம்பர். அதாவது நான்! எப்போதோ ஒரு தடவை கண்ணாடி மாற்றப் போகிற என்னை, தினமும் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை யாரோ திறந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் ஒரு பால்காரரும் எட்டிப் பார்க்காதவளை இங்கே இத்தனை பேர் எதற்குத் தேடுகிறார்கள்?

மறுநாள் கவுண்டருக்கு உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கவுண்டரில் இருக்கும் பெண் பேகம்பூர்க்காரி, என் மேல் பிரியம் உள்ளவள். வாய் ஓயாது, கையும் ஓயாது. "இருங்க டீச்சர், வேடிக்கை பாருங்க. டீ சொல்லவா?" என்றவள் வேலையைப் பார்த்தாள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் திரை முக்கி முனகி வந்தது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு வயசாளி வந்தார். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

"துணைக்கு யாருங்கய்யா?"

"யாருமில்லம்மா. பஸ் ஏறி நானாத்தான் வந்தேன்."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. துணைக் கட்டத்தில் 1 என்று ஒரு தட்டு, என்டர் ஒரு தட்டு. "உள்ள போயி உக்காருங்கய்யா, கூப்டுவாங்க."

நான் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டேன். "ஏய், இப்ப என்ன போட்ட?"

"துணை இல்லாதவுகளுக்கு ஒண்ணு போடுவோம் டீச்சர். எனக்கு முன்னாடி இருந்த அக்கா சொல்லிக் குடுத்தது, அவுகளுக்கு, அவுகளுக்கு முன்னாடி இருந்தவுக." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க பேருதான் வரும். தெரியும். ஆனா என்ன செய்யச் சொல்றீங்க? துணை இல்லைன்னா உங்க கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. அந்தப் பெரியவரைத் திரும்பிப் போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? அல்லாவுக்கே அடுக்காது. டீச்சர் கோவிச்சுக்க மாட்டாகன்னு ஒண்ணைத் தட்டி விட்டுருவோம்."

"தனியா வர்றவங்க நெறையவா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. அந்தக் காலத்துல அப்பப்ப ஒண்ணு ரெண்டு பேராம். இப்பத்தான் பிள்ளைகள்லாம் பெங்களூரு, துபாய்னு போயிருச்சே. ஒரு நாளைக்கு எத்தனை ஒண்ணு தட்டுறேன்னு எனக்கே தெரியாது."

அப்போதுதான் அம்மாவின் போன் கதைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒண்ணாம் நம்பர் பதிவில் இருந்தது எங்கள் பழைய லேண்ட்லைன். ஆபரேஷன் முடிந்ததும் துணையின் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாருமில்லாமல் வந்து தியேட்டரில் படுத்தவர்களுக்கெல்லாம் என் அம்மா வீட்டில் காய் அரிந்துகொண்டே "பத்திரமாப் பாத்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறாள். ராங் நம்பரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். கண்ணில் நீர் வடிகிறவர்கள் நடுவில் யாரும் கவனிக்கவில்லை.

மெதுவாக ஓடியதன் காரணமும் அதோடு விளங்கிவிட்டது. நான் எழுதியது என்ன? நோயாளியும் துணையும் ஒரே பக்கத்தில். அதனால் அவ்வப்போது நான் மறுபடி அடுக்க விடும்போதெல்லாம், கம்ப்யூட்டர் பாவம் என் சொல்லைத் தட்டாமல், ஒண்ணாம் நம்பரோடு நூல் உள்ள எல்லாரையும் எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து குடிவைக்கப் பார்த்திருக்கிறது. ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத ஆட்கள். பக்கம் நிரம்பி, அடுத்த பக்கம் நிரம்பி, அதற்கடுத்ததும் நிரம்பி வழிந்து, நடுவில் இருந்த நிஜக் குடும்பங்களைப் பிரித்துத் தள்ளியிருக்கிறது. புருஷன் ஓர் இடம், பெண்டாட்டி ஓர் இடம். போதாக்குறைக்கு ஒருவர் தனியாக வந்து நின்றாலும், அவருக்குத் துணை என்று என்னைத் திறந்து, நான் யாருக்கெல்லாம் துணையோ அந்தப் பட்டாளத்தையே நூலோடு இழுத்து வர வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்றால் பின்னே வராமல் என்ன செய்யும்?

டாக்டரிடம் போய், துணைக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கப் போகிறேன் என்றேன்.

"அதெப்படி? துணை இல்லாம நம்ம ஊர்ல யாரு வர்றா?"

"நெறையப் பேர் வர்றாங்க டாக்டர்."

"நம்ம ஊர்லயா?"

எண்ணிக்கையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "சரி, தனின்னே போடுங்க. ஆனா ஒண்ணு. தனின்னு வந்துச்சுன்னா நம்ம ஆயாம்மா அவங்களைக் கையைப் புடிச்சு ஆட்டோ வரைக்கும் கொண்டு போயி ஏத்திவிடணும். அதையும் எழுதிருங்க" என்றார். "உங்களுக்கு யாரு வர்றா டீச்சர்?" என்று அவர் கேட்பதற்குள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விடுமுறை. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்துப் பிரியாணிக் கடையில் தம் உடைத்த மணம் கவுண்டர் வரை வந்தது. துணை என்ற இடத்தில் 1 இருக்கிற எல்லாரையும் பிடித்து, அதை அழித்து, "தனி" என்று எழுத வேண்டும். இரண்டு வரி நிரல்தான். எழுதி முடித்து ஓடவிடப் போகிற நேரத்தில் கை நின்றது. அம்மாவுக்கும் துணை 1. இத்தனை பேரில் உண்மையாகவே நான் துணைக்குப் போனது அவளுக்கு மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? "ரெண்டைத் தவிர" என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன். பிறகு ஓடவிட்டேன்.

வெட்டுப்படுகிற ஒவ்வொரு பெயரும் திரையில் ஓடியது. மூக்கு திரையில் படுகிற மாதிரி குனிந்து முடிந்தவரை படித்தேன். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர் ஒருவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஊர் பேர் இல்லாமல் "ரயில்வே ஸ்டேஷன்" என்று மட்டும் போட்ட ஒரு கிழவி. இவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. என்றாலும் ஒவ்வொரு பெயராகப் போகப் போக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எனக்கென்று ஒரு கூட்டம் இருந்திருக்கிறது, அது இருந்ததே தெரியாமல் இருந்துவிட்டு, தெரிந்த மறுவாரமே என் கையால் அறுத்துவிடுகிறேன். வேலை நன்றாக ஓட வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். யார்மேல் கோபப்படுவது? பிரியாணிக் கடைக்காரர்மேல் கோபப்பட்டேன், இந்த நேரம் பார்த்து மணக்க வைக்கிறாரே என்று.

பிறகு மறுபடி அடுக்கினேன். பிரிந்து கிடந்த புருஷன் பெண்டாட்டிகள், மாமியார் மருமகள்கள் எல்லாரும் அவரவர் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒண்ணாம் நம்பரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். மீதி இடமெல்லாம் காலி.

திங்கட்கிழமை காலையில் கவுண்டர்க்காரி போன் பண்ணினாள். "டீச்சர், பட்டுப் பட்டுனு வருது! மூச்சு விட நேரமில்லாம பண்ணிட்டீங்களே!" அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கும் கொஞ்சம் தொற்றியது. அந்த வேகத்தில், யோசிக்காமல், என் ஆபரேஷனுக்கும் தேதி போடச் சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் மறுபடி தள்ளியிருப்பேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். கையில் ஃபிளாஸ்க்கும் பையும் நானே எடுத்துக்கொண்டேன். கவுண்டரில் அவள்தான் இருந்தாள். கேள்வி கேட்கவில்லை. என் பெயரைத் தட்டினாள். நொடியில் திரை வந்தது. அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"டீச்சர்... துணைக்கு உங்க அம்மா பேரு வருது. மாத்தவா?"

ஒண்ணாம் நம்பரின் பக்கத்தில் அம்மாவைத் தவிர வேறு யார் வருவார்கள்? நான் எழுதியபடிதான் அது வேலை செய்கிறது.

"மாத்து."

"யாரைப் போட?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துப் பேச்சை லேசாக்க நினைத்தாள் போல. "வழக்கம்போல ஒண்ணு போட்ருவோமா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஐயோ, அது நீங்கதானே. ஊருக்கெல்லாம் உங்களைப் போட்டோம், உங்களுக்கு யாரைப் போடுறது டீச்சர்?"

"தனின்னு போடு. அதுக்குத்தான இம்புட்டுப் பாடு பட்டேன்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டினாள். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

ஆபரேஷனில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சமும் தண்ணீரும் கலந்த மாதிரி ஏதோ அசைந்தது, டாக்டர் யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தார், முடிந்துவிட்டது. வலது கண்ணை மூடி ஒட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதே கீரனூர் ஆயாம்மாதான் தள்ளிக்கொண்டு வந்தார். வயதாகிவிட்டது, ஆனால் தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. தியேட்டர் கதவைத் தாண்டியதும் சீட்டைப் பார்த்து, நம்பரைப் பார்த்து, பழக்கத்தில் கூடத்தை நோக்கி ஒரு சத்தம் போட்டார்.

"ஏனுங்க, ஒண்ணாம் நம்பரு அம்மாவுக்குத் துணைக்கு யாருங்க?"

"நான்தான்!"

கத்தியது நான். அம்மாவுக்குக் கத்திய அதே கத்தல். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி. கை வேறு பாதி தூரம் மேலே போய்விட்டது.

கூடத்தில் முதலில் ஒரு குழந்தைதான் சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஆயாம்மா எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "அட, நோயாளியும் நீங்க, துணையும் நீங்களுங்களா டீச்சர்?" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் இருந்தேன், எப்போது அது வேறாக மாறியது என்று தெரியவில்லை.

"அழுகாதீங்க டீச்சர், கண்ணு நனையக் கூடாதுங்க" என்று ஆயாம்மா குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. வாசலில் ஆட்டோ நிற்கிறவரை விடவில்லை. ஏற்றிவிட்டு, பையை என் மடியில் வைத்து, ஃபிளாஸ்க்கை அணைவாக வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட உள்ளே போய்விட்டார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட வந்தவுக வரட்டும்மா, வெயிட் பண்றேன்" என்றார்.

"வந்தாச்சுப்பா" என்றேன். "நாகல் நகர் போ."